வைரஸ் ‘தெரியவில்லை’ என்று வந்த பிறகு: தொடர்வதா, மாற்றுவதா, ஊசியா, நிறுத்துவதா?

இரத்தப் பரிசோதனைத் தாளில் வைரஸ் அளவு ‘தெரியவில்லை’ என்று இரண்டு மூன்று முறை தொடர்ந்து வந்துவிட்டால், எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுப்பவருக்கு ஒரு கேள்வி எழுந்தே தீரும்: இனி இது எதற்கு? மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கருஞ்சீரகத் தைலம் விற்பவர் ஒன்று சொல்வார். இந்தியாவிலிருந்து சூரணம் வரவழைத்துத் தருகிறேன் என்று ஒரு மாமா வருவார். இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி போதுமாம் என்று வாட்சாப்பில் செய்தி சுற்றும். கிளினிக் தாதியான மிஸ்ஸியோ, ‘அண்ணே, உங்க மருந்த மாத்தப் போறோம்’ என்று சொல்லியிருப்பார்.

இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவற்றில் எதுவும் உடலில் ஒளிந்திருக்கும் வைரஸை அகற்றாது. பழைய மாத்திரை, புதிய மாத்திரை, ஊசி மூன்றுமே ஒழுங்காக எடுத்தால் இரத்தத்தில் வைரஸை அடக்கிவிடும். ஆக, ‘எது பவர் அதிகம்’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. தவறும் நாளில் எது எப்படி உடைகிறது, உடைந்தால் என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது என்று கேட்டால்தான் வித்தியாசம் புலப்படும்.

ஒளிந்திருப்பது எது, எங்கே

எச்.ஐ.வி. நுழைவது பெரும்பாலும் நோய் எதிர்ப்புப் படையின் சிடி4 அணுக்களுக்குள். நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்த அணுவின் சொந்த மரபணு இழையிலேயே தைத்துவிடுகிறது. மும்முரமாக வேலை செய்யும் அணுவாக இருந்தால், ஓரிரு நாள் வைரஸைக் கக்கிவிட்டு அது செத்துப்போகும். அதனால் சிக்கல் இல்லை. தொற்றிய அணுக்களில் ஒரு சில, சாவதற்குள் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. உடல் முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தூங்கும் ‘நினைவு அணுக்கள்’ அவை. தூங்கும் அணுவில், மரபணுவைப் படிக்கத் தொடங்கும் புரதங்கள் உட்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கும். எனவே தைக்கப்பட்ட வைரஸும் படிக்கப்படாமல் கிடக்கும். வைரஸின் புரதம் எதுவும் உருவாகாததால், நோய் எதிர்ப்புப் படையின் கண்ணுக்கு அது நல்ல அணுவாகவே படும்.

மாத்திரைகள் என்ன செய்கின்றன? டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியை ஒன்று முடக்குகிறது, தைக்கும் நொதியை இன்னொன்று முடக்குகிறது, புதிய வைரஸ் முதிர்ச்சி அடைவதை வேறொரு வகை தடுக்கிறது. எல்லாமே புதிய அணு தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. ஏற்கெனவே தைக்கப்பட்டதில் இவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. லாலாங் புல்லை மேலோடு வெட்டிய கதைதான்: தரை சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் அப்படியே இருக்கும்.

1996இல் கூட்டு மருந்து வந்தபோது, இரண்டு மூன்று வருடம் விடாமல் கொடுத்தால் வைரஸ் முற்றிலும் தீர்ந்துவிடும் என்று டேவிட் ஹோ போன்ற பெரிய ஆய்வாளர்களே கணக்குப் போட்டார்கள். மறு வருடமே அந்தக் கணக்குப் பொய்த்தது. நீண்ட நாள் வைரஸ் தெரியாமல் இருந்தவர்களின் தூங்கும் அணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் உசுப்பிவிட்டபோது உயிருள்ள வைரஸ் வெளியே வந்தது. 1997இல் மூன்று குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. அளவு மிகக் குறைவுதான்: தூங்கும் சிடி4 அணுக்கள் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அந்தக் கையிருப்பு பாதியாகக் குறைய 44 மாதம் பிடிக்கிறது. அந்த வேகத்தில் முழுதும் தீர 70 வருடத்துக்கு மேல் வேண்டும். மாத்திரை தொடங்கி 20 வருடம் தாண்டியவர்களிடம் பின்னாளில் பார்த்தபோது அந்தக் குறைவுகூட நின்றுபோயிருந்தது. காரணம், நினைவு அணுக்கள் தங்கள் பழைய பகையாளிக் கிருமியைக் காணும்போது பெருகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நூறாகும்போது உள்ளே தைத்திருக்கும் வைரஸும் சேர்ந்தே நகலாகும். இதில் புதிய தொற்று எதுவும் இல்லாததால் மாத்திரையால் குறுக்கே நிற்க முடியாது.

நிணநீர்க் கணுக்கள், குடல் சுவர், மூளை, விந்தகம் ஆகிய இடங்களிலும் இந்தக் கையிருப்பு உண்டு. கிளினிக்கில் எடுக்கும் இரத்தமோ ஒரு சிறு குழாய் அளவுதான். அதிலும் வைரஸ் அளவுப் பரிசோதனை, இரத்தத் திரவத்தில் மிதக்கும் வைரஸைத்தான் எண்ணுகிறது. ‘அணுவுக்குள்ளே எவ்வளவு டி.என்.ஏ. இருக்குன்னு பாருங்க டாக்டர்’ என்று சிலர் கேட்பதுண்டு. தைக்கப்பட்ட வைரஸ்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் உடைந்தவை, செயல்படாதவை. எண்ணினாலும் எது உயிருள்ளது, எது செத்தது என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. மருந்து முடிவெடுக்க அது உதவாது, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்றும் முக்கியம். இந்தக் கையிருப்பு ஒரு பதிவேடும்கூட. மருந்துக்கு மசியாத வைரஸ் ஒரு முறை உருவாகிவிட்டால், அதுவும் ஏதோ ஒரு தூங்கும் அணுவில் போய்ப் பதிந்துகொள்கிறது. பத்து வருடம் கழித்து அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தால் அது எழுந்து வரும். கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் உங்கள் பழைய மருந்து வரலாறு தலைநீட்டுவது இதனால்தான்.

நிறுத்துவது, அல்லது மூலிகைக்கு மாறுவது

தூங்கும் அணுக்களில் சில, சில நாட்களுக்கு ஒரு முறை விழித்துக்கொண்டே இருக்கின்றன. மாத்திரை இருக்கும்வரை, வெளிவந்த வைரஸ் வேறு அணுவில் ஏற முடியாமல் அழியும். மாத்திரை இல்லாவிட்டால் அந்த ஒன்றே போதும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் வைரஸ் திரும்ப வந்துவிடுகிறது. தாய்லாந்தில், தொற்றிய மிக ஆரம்ப நாட்களிலேயே மருந்து தொடங்கியவர்களைக் கண்காணிப்போடு நிறுத்திப் பார்த்தபோதுகூட ஏறத்தாழ 26 நாளில் வைரஸ் எழுந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கிய குழந்தை, மருந்தில்லாமல் 27 மாதம் தாக்குப்பிடித்தது. 2014இல் வைரஸ் திரும்பியது.

மூலிகை வியாபாரம் பிழைப்பது அந்த 2, 4 வார இடைவெளியில்தான். மாத்திரையை நிறுத்தி, சூரணத்தைத் தொடங்கி, பத்தாம் நாள் தனியார் லேப்பில் பரிசோதித்தால் ‘தெரியவில்லை’ என்றே வரலாம். எஃபாவிரென்ஸ் போல உடலை விட்டு மெதுவாக இறங்கும் மருந்தாக இருந்தால் இன்னும் சில நாள் அப்படியே காட்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். இரண்டாம் மாதத் தாளை யாரும் அனுப்பமாட்டார்கள். உலோக பஸ்மம் கலந்த சூரணமாக இருந்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. எச்.ஐ.வி. மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிரோடு சேர்த்து எடுத்தால் ஒரே உறுப்பின் மேல் இரண்டு சுமை.

‘கொஞ்ச நாள் நிறுத்தி, தேவைப்பட்டால் தொடங்கலாமே’ என்ற யோசனையையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 5,472 பேர் கலந்துகொண்ட ஸ்மார்ட் ஆய்வில், சிடி4 அணு எண்ணிக்கை 350க்கு மேல் இருந்தால் மாத்திரையை நிறுத்தி, 250க்குக் கீழ் போனால் மீண்டும் தொடங்கினார்கள். விடாமல் எடுத்தவர்களை ஒப்பிட, நிறுத்தியவர்களிடம் சந்தர்ப்பவாத நோயோ (எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் தாக்குவது) மரணமோ 2.6 மடங்கு. ஆய்வையே பாதியில் நிறுத்தி, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பாராதது என்னவென்றால், இதயம், சிறுநீரகம், ஈரல் பாதிப்புகளும் நிறுத்தியவர்களிடமே அதிகம். வைரஸ் எழும்போது உடல் முழுக்க அழற்சி எழுகிறது.

ஹெப்படைட்டிஸ் பி சேர்ந்து இருப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்குபவை. திடீரென நிறுத்தினால் ஈரல் வீங்கி மஞ்சள் காமாலை வரை போகலாம். துணைக்குப் பரவாது என்ற பாதுகாப்பும் அதோடு போகும். பார்ட்னர் ஆய்வில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 200 பிரதிகளுக்குக் கீழ் இருந்தவர்களிடமிருந்து உடலுறவு வழியே துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை; அந்தச் சுழியம், மாத்திரை தொடர்கிற வரைக்கும்தான்.

எலும்பு மஜ்ஜை மாற்றிக் குணமானவர்கள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள். பெர்லின் நோயாளி என்று அறியப்பட்ட திமோத்தி ரே பிரவுனில் தொடங்கி விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. அநேகமாக எல்லாருக்கும் இரத்தப் புற்றுநோய் மாதிரி ஏதாவது இருந்து, அதற்காகவே செய்த சிகிச்சை. அந்தச் சிகிச்சையே உயிரைக் குடிக்கலாம். பெரும்பாலான தானமளித்தவர்களிடம் இருந்த, வைரஸ் நுழையும் கதவை மூடிவிடும் சிசிஆர்5 மரபணு மாற்றம் வட ஐரோப்பியரில் நூறில் ஒருவரிடம் முழுமையாக இருக்கும், நம்மவரிடம் தேடிப் பயனில்லை. மாத்திரை வேலை செய்கிறவருக்கு இது ஒரு தேர்வே அல்ல.

பழைய எஃபாவிரென்ஸா, புதிய டோலுடெக்ராவிரா

நடைமுறையில் உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது. 2006 முதல் அரசாங்க மருத்துவமனையில் முதல் வரிசை மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நீண்ட காலமாக எடுக்கும் பலர் டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த இரவு மாத்திரையில் இருக்கிறார்கள். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் கொண்ட மாத்திரையைத்தான் இப்போது உலக சுகாதார நிறுவனம் முதலிடத்தில் வைக்கிறது. ‘பழையதே ஒத்துப்போகுது, எதுக்கு மாத்தணும்?’ என்ற கேள்வி நியாயமானது.

எஃபாவிரென்ஸின் பெரிய குறை, தவறினால் அது உடையும் விதம். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 40 முதல் 55 மணி நேரம் ஆகும். கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் தீபாவளிக்குச் சொந்த ஊர் போய் மாத்திரைப் போத்தலை லயத்திலேயே மறந்துவிட்டு வந்தால், மற்ற இரண்டும் வலுவிழந்த பிறகு எஃபாவிரென்ஸ் மட்டும் மெல்லிய அளவில் ஒரு வாரமோ அதற்கு மேலோ தனியாக நிற்கும். தனி மருந்தைத் தாண்ட வைரஸுக்கு ஒரே ஒரு மரபணு எழுத்து மாறினால் போதும். கே103என் என்ற மாற்றம் அப்படி வருவது. வந்தால் எஃபாவிரென்ஸ், அதே குடும்பத்து நெவிராபின் இரண்டும் அதோடு சரி. அது பதிவேட்டிலும் ஏறிவிடும். இந்த மருந்தை மெதுவாகச் சிதைக்கும் மரபணு அமைப்பு இந்திய வம்சாவளியினரிடம் அரிதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மருந்து மெல்லிசாக நிற்கும் இந்த வால் இன்னும் நீளம், தலைச்சுற்றலும் கூடுதல்.

தலைச்சுற்றல் தோட்ட வேலைக்காரருக்குச் சின்ன விஷயமில்லை. மாத்திரை போட்டு 3 முதல் 5 மணி நேரத்தில் அளவு உச்சத்துக்குப் போகும். நள்ளிரவில் போட்டுவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டாரில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பினால், உச்சம் வந்து நிற்பது சாலையில். இதே மாத்திரையில் தொடர்கிறவர் இரவு 8 மணிக்கே, சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்த வயிற்றில் போடுவது நல்லது. எண்ணெய் அதிகமுள்ள சாப்பாட்டோடு போட்டால் மருந்து கூடுதலாக ஏறி, கனவும் கிறுகிறுப்பும் கூடும். மனச்சோர்வு முன்பே இருந்தவருக்கு எஃபாவிரென்ஸைத் தொடர நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

டோலுடெக்ராவிர் தவறுகளைக் கொஞ்சம் மன்னிக்கும். அதைத் தாண்ட வைரஸுக்குப் பல மாற்றங்கள் சேர வேண்டும், சேர்ந்தாலும் வைரஸ் நொண்டிவிடும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்குள் இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் போடலாம், இரண்டாகப் போட வேண்டாம். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சாப்பாட்டோடும் சரி, வெறும் வயிற்றிலும் சரி.

அதன் பலவீனம் வேறு இடத்தில். இந்த மருந்து வேலை செய்வதே, தைக்கும் நொதிக்குள் இருக்கும் மெக்னீசியத்தைப் பற்றிக்கொண்டுதான். அதே குணத்தால் வயிற்றுக்குள்ளும் மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, கால்சியம் எதைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும், பிடித்தது இரத்தத்தில் ஏறாது. நம்மூரில் ‘கேஸ்ட்ரிக்’ என்று போனால் கையில் கொடுக்கும் வெள்ளைத் தண்ணி மருந்து பெரும்பாலும் மெக்னீசியம் டிரைசிலிகேட். காலையில் டோலுடெக்ராவிர் போட்டு அரை மணியில் இரண்டு மூடி வெள்ளை மருந்தைக் குடித்தால், அன்றைய மாத்திரையில் பெரும்பகுதி மலத்தில் போகும். விதி இதுதான்: டோலுடெக்ராவிர் போட்டு 2 மணி நேரம் கழித்து வெள்ளை மருந்து. வெள்ளை மருந்தை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் அப்படித்தான். ஆனால் இவை இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து, டோலுடெக்ராவிரையும் அதே நேரத்தில் போட்டால் பிரச்சினை இல்லை. வெறும் வயிற்றில் ஒன்றாகப் போடுவதுதான் தவறு.

சர்க்கரை நோய்க்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டோலுடெக்ராவிர் மெட்ஃபோர்மின் வெளியேறுவதைத் தடுத்து இரத்தத்தில் அதைக் கூட்டும். மெட்ஃபோர்மின் நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். 500 மில்லிகிராம் மாத்திரை காலை இரண்டு, இரவு இரண்டு என்று எடுப்பவர் மருந்து மாற்றும் அன்றே அதைச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு ஒரு கிளினிக், இதற்கு வேறு மருத்துவமனை என்று பிரிந்து கிடந்தால் இரண்டு பேருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எண் மாற்றிய முதல் மாதத்தில் சற்று ஏறும். சிறுநீரகம் அதைக் கழிக்கும் ஒரு வழி அடைபடுவதால் வரும் எண் மாற்றம் அது, சேதம் அல்ல. அதன் பிறகும் ஏறிக்கொண்டே போனால்தான் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு உடல் எடையும் கூடும், பெண்களுக்குச் சற்று அதிகம்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் எடுப்பவர்களுக்கு இந்த மாற்றம் நல்லதும் கெட்டதும் சேர்ந்தது. எஃபாவிரென்ஸ் மெத்தடோனை வேகமாகச் சிதைத்து, அளவை ஏறக்குறையப் பாதியாக்கும். அதை ஈடுகட்டத்தான் பலருக்கு மெத்தடோன் கூட்டிக் கொடுத்திருப்பார்கள். எஃபாவிரென்ஸை நிறுத்தி டோலுடெக்ராவிருக்குப் போனால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்தச் சிதைவு நின்று, அதே அளவு மெத்தடோன் உடலில் மிகையாகிவிடும். பகலில் தூக்கம், மூச்சு மந்தம் என்று வந்தால் அதைப் புதிய மாத்திரையின் தலையில் போடக்கூடாது. மெத்தடோன் கொடுக்கும் கவுன்டரில் மாற்றத் தேதியைச் சொல்லி வைக்க வேண்டும். கையில் கருத்தடைக் குச்சி வைத்திருக்கும் பெண்களுக்கும் எஃபாவிரென்ஸ் அதன் பலனைக் குறைக்கும், டோலுடெக்ராவிர் குறைக்காது. கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டு பற்றி 2018இல் எழுந்த அச்சம், மேலும் பிரசவங்களைப் பார்த்த பிறகு அடங்கிவிட்டது.

காசநோய் வந்தால் கணக்கு திரும்பும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுக்கும் காலம் முழுக்க டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை நாளுக்கு இரண்டு முறை போட வேண்டும். ஒரு முறையே போட்டுக்கொண்டிருந்தால் அளவு போதாது.

எங்கள் தீர்ப்பு: சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் டோலுடெக்ராவிருக்கு மாறுவதே நல்லது. பழையதில் பதினைந்து வருடமாக ஒரு நாளும் தவறாமல், தலைச்சுற்றலும் இல்லாமல் இருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் குறைவு.

இரண்டு மருந்தாகக் குறைப்பது

டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் மட்டும். டெனோஃபோவிர் போய்விடுவதால் சிறுநீரகமும் எலும்பும் நிம்மதியாகும். ஆய்வுகளில் மூன்று மருந்துக்குச் சமமாகவே அடக்கியிருக்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனை: ஹெப்படைட்டிஸ் பி இருக்கக்கூடாது, லாமிவுடினுக்கு மசியாத வைரஸ் எந்தக் காலத்திலும் வந்திருக்கக்கூடாது. 2000களில் மருந்து தொடங்கி, இடையில் விட்டுப் பிடித்து, பழைய அட்டை தொலைந்துபோனவருக்கு இரண்டாவது நிபந்தனையை யாராலும் உறுதி சொல்ல முடியாது. அவர் மூன்றிலேயே இருக்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி

கபோடெக்ராவிர் 600 மில்லிகிராம், ரில்பிவிரின் 900 மில்லிகிராம். இரண்டு பிட்டத்திலும் தசைக்குள் ஒவ்வொன்றாக, தலா 3 மில்லிலிட்டர். முதல் இரண்டு முறை ஒரு மாத இடைவெளி, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அமெரிக்காவில் மாத ஊசியாக 2021இலும், இரண்டு மாத ஊசியாக 2022இலும் அனுமதி பெற்றது. ஏற்கெனவே அடங்கியிருக்கும் பெரியவர்களுக்கு மாற்று வழியாக 2025இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது.

கூட்டு வீட்டில், நாலு பேர் பார்க்கும் அலமாரியில் மாத்திரைப் போத்தல் வைக்க முடியாதவருக்கு இது பெரிய விடுதலை என்பதில் சந்தேகமில்லை. அதற்கான விலையையும் பார்க்க வேண்டும். குறித்த தேதிக்கு 7 நாள் முன்னோ பின்னோ வரலாம். அதற்கு மேல் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், முன்கூட்டியே சொல்லி இடைக்கால மாத்திரை வாங்க வேண்டும். கடைசி ஊசியிலிருந்து 3 மாதம் தாண்டினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரில்பிவிரின் குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், ஆகவே எல்லாச் சிறு கிளினிக்கிலும் போட முடியாது. வருடத்துக்கு ஆறு முறை பக்கத்து நகரமான ஈப்போவுக்குப் போய்வர விடுப்பு கிடைக்குமா, ஒவ்வொரு முறையும் மண்டோரிடம் என்ன காரணம் சொல்வது என்பதெல்லாம் முடிவின் பகுதிதான்.

உடையும் விதம்தான் இங்கே எங்களைத் தயங்க வைக்கிறது. நிறுத்திய பிறகு மருந்து ஒரு வருடமோ அதற்கு மேலோ உடலில் மெல்லிசாகக் கசிந்துகொண்டிருக்கும். எஃபாவிரென்ஸின் வாலை வாரத்தில் எண்ணினோம், இதை மாதத்தில் எண்ண வேண்டும். அந்தக் காலத்தில் மாத்திரைக்கு மாறாவிட்டால், இரண்டு வகை மருந்துக்கும் மசியாத வைரஸ் எழலாம். ஒழுங்காகப் போட்டவர்களிலும் நூறில் ஏறக்குறைய ஒருவருக்கு அப்படி நடந்திருக்கிறது. உடல் பருமன் அதிகம், ரில்பிவிரினுக்கு மசியாத பழைய பதிவு போன்றவை சேரும்போது வாய்ப்பு கூடுகிறது. டோலுடெக்ராவிரும் கபோடெக்ராவிரின் குடும்பம் என்பதால் இங்கே தோற்றால் நல்ல மாத்திரையும் கையை விட்டுப் போகக்கூடும். எஃபாவிரென்ஸில் முன்பு தோற்றவர், ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் ஆகியோருக்கு இந்த ஊசி பொருந்தாது.

நம் அரசாங்க மருந்தகங்களில் வழக்கமாகக் கிடைப்பது மாத்திரைதான். ஊசிக்காகக் காத்திருந்து மாத்திரையில் அசட்டையாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு.

எங்கே மருந்து எடுப்பது

பட்டணத்துக் கிளினிக்கா, ஈப்போ பெரிய மருத்துவமனையா? குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, 5 வெள்ளி என்பதால் பணம் பெரிய வித்தியாசமில்லை. பஸ்ஸும் அரை நாள் சம்பளமும்தான் செலவு. கிளினிக் கவுன்டரில் சித்தி மகள் வேலை செய்கிறாள் என்பதற்காக 30 கிலோமீட்டர் போகிறவர்கள் உண்டு, அதைத் தப்பென்று சொல்லமாட்டோம். ஒரு நடுவழி: சிறப்பு மருத்துவரை ஈப்போவில் பார்த்துவிட்டு, தொடர் மருந்தை வேறொரு அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளவோ அஞ்சலில் பெறவோ ஏற்பாடு உண்டா என்று மருந்தகத்தில் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருந்தகங்கள் இந்த இரண்டு சேவைகளையும் நடத்துகின்றன. அஞ்சலில் வாங்கினால், பெட்டி வரும் முகவரியில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மருந்து மாற்றச் சம்மதிக்கும் முன் கையில் வேண்டியவை: இதுவரை எடுத்த எல்லா எச்.ஐ.வி. மருந்தின் பெயரும் ஏறக்குறைய வருடமும், நடுவில் விட்ட காலங்கள், ஹெப்படைட்டிஸ் பி முடிவு, கிரியாட்டினின், சர்க்கரைக்கும் கேஸ்ட்ரிக்குக்கும் எடுக்கும் மருந்தின் அட்டை. விட்ட காலங்களை மறைப்பவர்கள் அதிகம், டாக்டர் திட்டுவார் என்ற பயம். மறைத்தால் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே மருந்து தேர்வாகும்.

மாற்றிய பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் வைரஸ் அளவு பார்க்க வேண்டும். 50க்கும் 200க்கும் இடையில் ஒரே ஒரு முறை எழும்பி மறுமுறை அடங்கினால், பெரும்பாலும் அது தூக்கம் கலைந்த சில அணுக்களின் வேலை. மருந்தைக் கூட்டினாலும் அது குறையாது, மாற்றவும் தேவையில்லை. மாத்திரை தவறாமல் எடுத்தும் சிலருக்கு இந்த மட்டத்திலேயே மாதக்கணக்கில் நிற்பதுண்டு; பெருகிய ஒரே கூட்டத்து அணுக்கள் கக்குவது. 200க்கு மேல் போனால் முதலில் வெள்ளை மருந்து, இரும்பு மாத்திரை, விட்ட நாட்கள் ஆகியவற்றைச் சரிபார்த்து, சில வாரத்தில் திரும்ப எடுக்க வேண்டும். மறுபடியும் அப்படியே இருந்தால், எந்த மருந்துக்கு வைரஸ் மசியாது என்று பார்க்கும் எதிர்ப்புப் பரிசோதனை. அதற்குப் பொதுவாக 500 முதல் 1,000 பிரதிகளாவது இரத்தத்தில் வேண்டும். அந்த இரத்தத்தை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, விட்டிருந்தால் 4 வாரத்துக்குள்ளாகவே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால், மருந்துக்கு மசியும் பழைய வைரஸே மேலே நிறைந்திருக்கும். மசியாதது தூங்கும் அணுவுக்குள் போய்விட்டிருக்கும், தாளில் ஒன்றும் காட்டாது.